பழப்புளியில் ஊறிய கோதுகள்

போன ஞாயிறு விம்பிள்டன் கோயிலில் பாத்திரம் விளக்கும் முறை என்னுடையது. முதல்நாள் பத்து மணிநேர ஷிப்ட் நின்ற கால்களோடு போய்க் குந்தினேன். பக்கத்தில் இருந்த பெண் ஸ்பிரே போத்தல் ஒன்றை நீட்டி, "அக்கா, இது லேசு" என்றாள். நான் பழப்புளியைத்தான் எடுத்தேன். திரும்பி வரும்போது ட்ரெயினில் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனேன். புளியும் பித்தளையும் கலந்த மணம். அலுப்பில் கண்ணை மூடினால் தூக்கம் வரவேண்டும். வந்தது எட்மண்டன் வீட்டுக் குசினி.

கலியாணமாகி லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் அங்கேதான் மேல்மாடி அறையொன்றில் இருந்தோம். அதற்கு முன் மூன்று இடத்தில் கறி மணக்கும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கீழே இருந்த வீட்டுக்காரர் கீத் ஒரு தபால்காரர், தனியாள். அவர் போட்ட ஒரே நிபந்தனை, மீன் பொரித்தால் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்பது. என் விசா வழக்கு அப்போது முடியவில்லை. கடிதங்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். அந்த அறை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கீத்துக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. சனிக்கிழமைகளில் கிளப்புக்குப் போய் ரைபிளால் கடதாசி இலக்கைச் சுடுவார். சுட்டபின் மிஞ்சும் வெறும் பித்தளைத் தோட்டாக் கோதுகளை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, பின்னறையில் பூட்டியிருந்த கைமெஷினில் திரும்ப வெடிமருந்தும் ரவையும் நிரப்புவார். கடையில் புதுசு வாங்குவதைவிட அது நல்ல மலிவாம். முதல்முறை சிங்க் பக்கத்தில், எங்கள் கோப்பைகளுக்கு நடுவே, ஐம்பது கோதுகள் கவிழ்ந்து காய்வதைக் கண்டபோது கோப்பைகளைத் தொடாமலே மேலே ஓடிவிட்டேன். என் கணவர் சிரித்தார்.

"இஞ்ச இது விளையாட்டப்பா. அந்தாளிட்ட லைசென்ஸ் இருக்கு. வெறுங்கோதுக்கு அதுவும் தேவையில்லை."

இவருக்குச் சொல்வது லேசு. ஊரில் எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது ரோட்டோரம் பொறுக்கிய ஒரு கோதில் கட்டைப் பென்சிலைச் செருகி எழுதிக்கொண்டிருந்தேன். சுற்றிவளைப்பில் வந்த ஆமிக்காரன் அதை மேசையிலிருந்து எடுத்து, இது யாருடையது என்று கேட்டான். அண்ணை, "என்ர" என்றார். அவரைக் கொண்டுபோய் மூன்று நாளில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணை யாரோடும் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

ஆனாலும் மனிசர் எதற்கும் பழகிவிடுகிறார்கள். ஒருநாள் துணிந்து கீத்திடம் கேட்டேன், ஒரு கோது எவ்வளவு காலம் தாங்கும் என்று. அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். இத்தனை வருடத்தில் அது என் தலைக்குள் எங்கள் பேச்சாகவே மாறிவிட்டது.

"காலம் இல்லை, எத்தனை தரம் எண்டுதான் கணக்கு. அளவா மருந்து போட்டா பத்துத் தரம், அதுக்கு மேலயும் போகும். ஆசைப்பட்டுக் கூட்டினா நாலைஞ்சிலயே கழுத்து வெடிச்சிரும்."

சுடச்சுடப் பித்தளை இறுகிப்போகுமாம். கழுத்தை நெருப்பில் காட்டி இளக்கினால் இன்னும் கொஞ்சம் ஓடுமாம். எத்தனையாவது தரம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் பேனையால் கோடு போட்டு வைத்திருப்பார். நான் ஒரு கோதை எடுத்துப் புளியால் தேய்த்துக் காட்டினேன். மனுசன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அசந்துபோனார். அன்றிலிருந்து தேய்ப்பது என் வேலையானது. யாரும் கேட்கவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, புதுப்பெட்டிக் கோதுகள் ஐம்பதையும் சட்டியில் கரைத்த புளிக்குள் போட்டேன். இரண்டே தரம் சுட்டவை. கிளப்பின் கோடைகாலப் போட்டிக்கென்று கீத் ஒதுக்கி வைத்தவை. பத்து நிமிடத்தில் எடுக்கவேண்டும். அதற்குள் வாசலில் பொலிஸ் கார். லைசென்ஸைப் புதுப்பிக்குமுன் துப்பாக்கி அலுமாரியைப் பார்க்க வருவார்கள் என்று கீத் எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார். நான் சட்டியைத் தூக்கி சிங்குக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி, மேலே பழைய துவாய் ஒன்றையும் போட்டு மூடினேன். பிறகுதான் கதவைத் திறந்தேன். வந்தவர் கீத்தோடு போய் அலுமாரியைப் பார்த்துவிட்டுக் குசினிக்கு வந்து, அந்த சிங்கிலேயே சாய்ந்துகொண்டு தேத்தண்ணி குடித்தார். ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்று மத்தியானமே கீத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பொலிஸ்காரர் திரும்பி வருவார் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. எது சட்டம், எது இல்லை என்று தெரிந்திருந்தும் கை அந்தச் சட்டிப் பக்கம் போகவில்லை. திங்கள் காலை கீத் வந்து, கோது எங்கே என்று கேட்டபோதுதான் சட்டியை வெளியே எடுத்தேன். ஐம்பதும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன.

"எத்தனை நாள்?" என்றார்.

"மூண்டு."

ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். புளிப்பு பித்தளைக்குள் இருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டதாம். நிரப்பிச் சுட்டால் பிளந்து கண்ணுக்கு அடிக்கலாமாம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பொலிஸ் கார், பென்சில், அண்ணை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கீத் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு யாரும் தவறி எடுத்து நிரப்பாதபடி ஒவ்வொரு கோதையும் குறட்டால் நெரித்துப் பழைய வாளிக்குள் போட்டார். ஐம்பது தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வேலையால் வந்த என் கணவர், "அறை போச்சு எண்டு வை" என்று சொல்லிவிட்டு, தமிழ்க்கடையில் ஒட்டியிருக்கும் அறை விளம்பரங்களைப் பார்க்கப் புறப்பட்டார்.

அறை போகவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கீத் பின்னறை மெஷினைக் கழற்றிக் காருக்குக் கொண்டுபோனார். என்ன என்று கேட்டேன்.

"தோள் நோகுது. கைபிடிய அழுத்த ஏலாது. இனிக் கடையில வாங்கிச் சுடுறன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நோவுக்காகச் சந்தோசப்பட்டேன் என்றே சொல்லவேண்டும். மகன் பிறந்து நடக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். என் விசாக் கடிதமும் அங்கேதான் வந்தது. அதன்பிறகு கிங்ஸ்பரிக்கு மாறினோம். வேலை, வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஓடியதில் எட்மண்டன் பக்கம் போகவேயில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அட்டை மட்டும் அனுப்புவேன். வேறு எழுதத் தெரியாமல், தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இன்னும் நோகிறது, ஆனால் பரவாயில்லை என்று அவரும் பதில் போடுவார்.

போன மாசியில் கீத்தின் செத்தவீட்டுக்குப் போனேன். கிளப் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று கோப்பி குடித்தார். தோள் நோவோடும் கடைசிவரை சுட்டாரா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

"தோளா? அந்தாளுக்குத் தோளில ஒண்டும் இல்லை. கடையில வாங்கிச் சுட வசதியில்லை, நிப்பாட்டிட்டார். சனிக்கிழமை வந்து எங்களுக்குத் தேத்தண்ணி போடுவார். ஏனடா எண்டு கேட்டா, மேல்வீட்டுப் பிள்ளை இதெல்லாம் போதும் போதும் எண்ட அளவுக்குப் பாத்திட்டுது, வீட்டில வேண்டாம் எண்டார்."

அந்த வீட்டை இடித்து இப்போது பிளாட் கட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. இருபத்தொரு அட்டை அனுப்பினேன், இருபத்தொன்றிலும் தோளைத்தான் விசாரித்தேன். இருபத்தொரு தரமும் எனக்காக அந்தத் தோளை நோகவைத்து எழுதிய மனிசர் இப்போது இல்லை.