அப்பாவுக்கு ஒரு எதிராளி

அப்பாவின் நேர்மையைப் பற்றியும், மலைப்பாதையில் ஆண்டுக்கணக்கில் பேருந்து ஓட்டி ஒரு விபத்தும் இல்லாமல் ஓய்வு பெற்றதைப் பற்றியும் இந்த நினைவு மலரில் பெரியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதையே நானும் எழுதினால் படிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும். மூத்த மகள் என்ற உரிமையில் நான் குத்துச்சண்டையைப் பற்றி எழுதுகிறேன். முதலாம் ஆண்டு நினைவு நாளில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிக்கிறவர்கள் அப்பாவோடு ஒரு மாலைப் பொழுதுகூட உட்கார்ந்து பேசியதில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

மணலூர்பேட்டைக்கு அருகே, கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாக அப்பா பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். சென்னையிலிருந்து பழைய காகிதம் ஏற்றி வந்த ஒரு நடையில், பிரிந்து கிடந்த கட்டிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. அதில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு குத்துச்சண்டை வீரர்களின் படம். சாலையோர ஓட்டலில் சாப்பிட வந்த ஒரு படித்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். "இவங்க ரெண்டு பேரும் சண்டையே போட்டதில்ல தம்பி. இவன் செத்தப்புறம்தான் அவன் பொறந்தான். மோதியிருந்தா யார் ஜெயிச்சிருப்பான்னு கேட்டிருக்காங்க" என்று அவர் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்தக் கேள்வி அப்பாவைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

பிறகு நாளிதழ்களில் தேடித் தேடிப் படித்த வீரர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் அப்பா தாமே பெயர் வைத்தார். குத்துச்சண்டைக்கு வருமுன் சுரங்கத்தில் வேலை செய்த பழைய காலத்து வீரர் 'சுரங்கத்தார்' ஆனார். நம் காலத்தில், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரத்தில் இருந்தவர் 'நெட்டையர்'. இந்த இருவருக்கும்தான் அப்பா அதிகமாகச் சண்டை வைத்தார். சுரங்கத்தார் எடையில் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் மெல்லிய கையுறையோடு, ஒருவர் விழும்வரை நின்று அடித்தவர்கள் உண்டு. நெட்டையரோ மலைபோல உடம்பு, நீளமான கை. ஆனால் பன்னிரண்டு சுற்றோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர். யார் காலத்துக் கையுறை, எத்தனை சுற்று, யார் காலத்து நடுவர் என்பதையெல்லாம் முதலில் பேசி முடித்த பிறகே அப்பா சண்டையைத் தொடங்குவார்.

அரசுப் பேருந்தில் ஓட்டுநர் வேலை கிடைத்துக் கள்ளக்குறிச்சி–வெள்ளிமலைத் தடத்துக்கு அப்பா வந்த பிறகுதான் அவருக்குச் சரியான எதிராளி கிடைத்தார். வெள்ளிமலையில் சாமை விவசாயம் செய்துகொண்டிருந்த அவரை நாங்கள் 'மலை மாமா' என்போம். மாமா குத்துச்சண்டையை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். சாமை மூட்டையை மேலே ஏற்றிவிட்டு இன்ஜின் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் தலைக்கு மேலேயே 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று எழுதியிருக்கும்.

"இன்னா டிரைவரே, உன் சுரங்கத்தான் நேத்து ஜெயிச்சானா?"

"ஜெயிக்காம? பத்தாவது சுத்துல உன் நெட்டையனுக்கு மூச்சு வாங்கிச்சு மச்சான்."

"நெட்டையன் கிட்டயே வர வுடலையே! ஒரு கைய நீட்டிக்கினு நின்னா போதும். உன் ஆளு காத்துல வீசிக்கினு கெடப்பான். பஸ்ஸ ஓட்டத் தெரிஞ்ச அளவுக்கு உனுக்கு சண்ட தெரியல."

மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்து சேரும்வரை இது நடக்கும். பயணிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் நான் அந்த வண்டியில் போயிருக்கிறேன். வீட்டில் அளந்து பேசும் அப்பா, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வேறொரு மனிதராக இருந்தார்.

வீட்டில் அவர் அளந்து பேசியதற்குக் காரணம் நாங்கள்தான். அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்று அம்மா எங்களை வளர்த்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உறவினர்கள் எங்கள் அடக்கத்தைப் பார்த்து மெச்சினார்கள். அப்பா என்ன கேட்டாலும் தம்பியும் நானும் "நீங்க சொன்னா சரிதாங்கப்பா" என்போம். மரியாதை என்றால் அதுதான் என்று நம்பினோம்.

அப்பா ஓய்வு பெற்ற அடுத்த வருடம் மலை மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் அப்பா மாதம் ஒருமுறை பயணியாக வெள்ளிமலைக்குப் போய், மாமாவின் வீட்டு வாசலில் சிறிது நேரம் இருந்துவிட்டு, அதே வண்டியில் திரும்பி வந்தார். மாமாவின் பிள்ளைகளும் எங்களைப் போலவே மரியாதை தெரிந்தவர்கள். "நீங்க சொல்றதுதாங்க மாமா கரெக்ட்டு" என்று சொல்லி, சாமைச் சோறு போட்டு அனுப்பினார்கள். ஒருநாள் திரும்பி வந்ததும் அப்பா அம்மாவிடம், "அவன் இருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பான்" என்றார். அம்மா காபி வைக்க உள்ளே போனார்.

பிறகு அப்பா தாமே இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நெட்டையருக்காக ஒரு வார்த்தை, சுரங்கத்தாருக்காக ஒரு வார்த்தை என்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவார். வயதானால் இப்படித்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா திடீரென்று, "சுரங்கத்தாரு ஒத்தைக் கைய முதுவுல கட்டிக்கினு நின்னாலும், மொத சுத்துலயே நெட்டையர வுழ வெச்சிடுவாரு. இன்னா சொல்றீங்க?" என்றார். சுத்த அபத்தம். அப்பாவுக்கும் அது தெரியும். குத்துச்சண்டையில் ஆனா ஆவன்னா தெரியாத எனக்கே தெரிந்தது.

தம்பி, "நீங்க சொன்னா சரிதாங்கப்பா" என்றான். நான், "உங்களுக்குத் தெரியாததாப்பா?" என்றேன்.

கையில் சோற்றை வைத்துக்கொண்டு அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது சிரிப்போம், "இன்னாப்பா உளர்றீங்க" என்று யாராவது கேட்போம் என்று காத்திருந்தார் என இப்போது புரிகிறது. பிறகு சாப்பிட்டு முடித்து, தட்டைத் தாமே கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

கடைசி நாட்களைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நுரையீரலில் நீர் கோத்து, கள்ளக்குறிச்சியில் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வார்டைக் கூட்டித் துடைக்க வரும் ஒரு அக்காவிடம் அப்பா சுரங்கத்தாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, "போங்கய்யா, இன்னா பேச்சு பேசறீங்க? நெட்டையன்தான் ஜெயிப்பான். அவ்ளோ ஒசரம், அவ்ளோ எடை. மேல சாஞ்சாலே உங்காளு உக்காந்துடுவாரு" என்றார்.

அப்பா தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பல நாளாக எழுந்து உட்காராதவர். மூச்சு வாங்க, கையை ஆட்டி, அவர் ஏதோ சொன்னார். அந்த அக்கா ஏதோ மறுத்தார். அப்பா சிரித்தார். எனக்கோ பதைப்பாக இருந்தது. அந்த அக்காவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், "பெரியவர எதுத்துப் பேசாதீங்க, ஒடம்பு தாங்காது" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

மறுநாள் அவர் கூட்ட வந்தபோது அப்பா தயாராக உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, நேத்து பாதியில நின்னுதே" என்று தொடங்கினார்.

அந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "நீங்க சொன்னதுதான் சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து கூட்டத் தொடங்கினார்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, பகலில், நான் பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாக எங்களை விட்டுப் போனார். அந்த இரண்டு நாளில் அவர் குத்துச்சண்டை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த ஓட்டுநர், நடத்துநர் நண்பர்களுக்கும், மழையில் மலையிலிருந்து இறங்கி வந்து காரியம் முடியும்வரை எங்களோடு இருந்த மலை மாமாவின் குடும்பத்தாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாக, வார்டு கூட்டும் அந்த அக்காவுக்கு. கருமாதி முடிந்த வாரம் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னீங்களேன்னு மாத்திப் பேசிட்டேன்மா. எனுக்கு இன்னமும் நெட்டையன்தான்" என்றார்.

அப்பா, எனக்கும் நெட்டையர்தான். நீங்கள் சொன்னது தப்பு. அந்த உயரத்துக்கு எதிரே சுரங்கத்தார் உள்ளே நுழைவதற்கே ஐந்து சுற்று ஆகிவிடும். அதற்குள் விலாவில் வாங்கிய அடியில் அவர் கை தாழ்ந்துவிடும். ஆறாவது சுற்றைத் தாண்ட மாட்டார். இதை எழுதிவிட்டு, நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிச்சயம் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எனக்குத்தான் அது தெரியவில்லை. ஆமாம் போடுகிற அவசரத்தில் நீங்கள் சொன்ன ஒரு காரணத்தைக்கூட நான் காது கொடுத்துக் கேட்டதில்லை, அப்பா.