ஊரே பிடித்த கயிறு

போன வாரம் அலுவலகத்தில் ஒரு புது வலைத்தளத்துக்கு லோட் டெஸ்ட் வைத்தோம். ஒரே நேரத்தில் ஊர்ப்பட்ட பேர் வந்து கதவைத் தட்டினால் சர்வர் தாங்குமா என்று பார்ப்பதற்காக, இல்லாத ஆட்களை வந்ததுபோல அனுப்பிப் பார்க்கும் வேலை அது. அது ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் டிபன் டப்பாவைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மூக்கு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டது.

என் முதல் நேர்காணலுக்கும் நான் கருவாட்டு வாசனையோடுதான் போனேன். பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டில் லேப்டாப் பை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழேதான் கருவாட்டுக் கூடை. திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரியில் ரயில் ஏறும்வரை எனக்கு அது தெரியவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தபோதுதான் புரிந்தது.

அந்தச் சென்னைக் கம்பெனிக்காரர்கள் வைத்த பரீட்சை எளிது: ஜாங்கோவில் சின்னதாக ஒன்று கட்டி, சர்வரில் ஏற்றி, திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓட்டிக் காட்டு; ஓடினால் வேலை. ஓடாவிட்டால், அப்பாவோடு, எங்கள் பேச்சில் நைனாவோடு, படகுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். படகிலும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. முதல் அலையிலேயே வாந்தி எடுப்பேன்.

ஜாங்கோ என்றால் என்னவென்று நைனாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. "வெப்சைட் கட்றதுக்கு, யாரோ எழுதி எல்லாருக்கும் பொதுவா வுட்ருக்காங்க நைனா."

"பொதுவாவா? அப்ப பங்கு எவன் பிரிக்கிறது?"



அந்தப் பொதுச் சொத்தை எங்கோ இருந்த வாடகை சர்வரில் நிறுவியது கவிழ்த்துப்போட்ட ஒரு ஃபைபர் படகின் மேல் உட்கார்ந்து. அங்கேதான் போனில் சிக்னல் வரும். அதுவும் காற்று மாறினால் போன் ஏரிக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு ஆந்திராவுக்கு வரவேற்கும், பாதி நிறுவிய மென்பொருள் அந்தரத்தில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக எல்லாம் ஏறி நின்றது. வாசலில் கூட்டத்தைச் சமாளிக்க இன்னொரு மென்பொருளையும் வைக்கச் சொல்லியிருந்தது செய்முறைக் குறிப்பு. யார் வரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆக, என் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும்.

நான் கட்டிய பக்கத்துக்கு 'இன்னிக்கு இன்னா மீன்' என்று பெயர். கரைக்கு வந்த மீன்களின் படங்கள், பெரிது பெரிதாக. பெருமைக்கு அதன் முகவரியை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவைத்தேன்.

இங்கே எங்கள் கரையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரைவலையை இழுக்கும்போது யாருடைய வலை என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் போகிறவர் கயிற்றில் கை வைப்பார். கை வைத்தவருக்குக் கொஞ்சம் மீன் உண்டு. கை வைத்தபின் வலை கரையேறும்வரை விடக் கூடாது.

திங்கட்கிழமை பத்து மணி. மேலாளர் அம்மா என் முகவரியைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து நைனாவின் போன். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டேன்.

"இன்னாடா, ஏறிச்சா? மொத்தக் குப்பமும் போன்ல உன் பக்கத்தப் புடிச்சினு நிக்குது! நானும் அமுத்திக்கினே கீறேன்!"

புரிந்துவிட்டது. அந்த அரைகுறை சிக்னலில் அத்தனை போன்களும் என் பெரிய மீன்களை இழுத்துக்கொண்டிருந்தன.

"நைனா, எல்லாரையும் வுடச் சொல்லு!"

"வுடறதா? பாதி வந்த வலைய எவனாவது வுடுவானா? படிச்சவன் பேசற பேச்சா இது?"

"வுட்டாதான் நைனா கரையேறும்!"

நைனாவின் கடற்கரைக் குரல் எழுந்தது: "டேய், கைய எடுங்கடா எல்லாம்! எக்கா, உனக்குந்தான், போனைக் கீழ வை!" பின்னால் ஒரு பெண் குரல்: "இப்பத்தான்யா சங்கராவோட தலை தெரியுது, வாலு வரட்டும்!"

அடுத்த மூச்சில் பக்கம் திறந்தது. திரை முழுக்கச் சிவப்பாக ஒரு சங்கரா மீன்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் மேலாளர் அம்மா.

"எங்க ஊரு, மேடம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கும் இத்தனை பேர் வந்தா என்ன செய்வே?" என்று கேட்டார். அலட்சியமாக விட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். வாசலில் வைக்க வேண்டியதை வைப்பேன், சர்வரை ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்ல வைப்பேன், படங்களைச் சிறிதாக்குவேன். வேலை கிடைத்தது. மேசையிலிருந்த போனை நான் அணைக்கவில்லை என்பது குப்பம் போட்ட கூச்சலில்தான் தெரிந்தது.

இப்போது சர்வரில் எதை ஏற்றவும் ஒரு பொத்தான் போதும். படகும் வேண்டாம், காற்றும் வேண்டாம். நான் கட்டுவதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல்கள் வரிசையாக எழும். பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டதே, இனி எதற்கு?

போன வாரச் சோதனையில் சர்வர் அசையவே இல்லை. இல்லாத அத்தனை பேரும் வந்தார்கள், போனார்கள். கையை எடுங்கள் என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.