வெயிலில் கறுக்கும் கண்ணாடி

கொளஞ்சிநாதன் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிகிறார் என்று யாராவது கேலி செய்தால் நான் சண்டைக்கே போய்விடுவேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற மனிதர், சட்டையின் மேல் பட்டனைக்கூடக் கழற்றாதவர். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரன் எனக்குத் தெரியாதா?

அந்தக் கண்ணாடியை வாங்கித் தந்தது அவர் மகள் சண்முகப்பிரியா, வேலைக்குப் போன முதல் மாதத்தில். அப்பாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது, வெயிலில் கண் வேறு கூசும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. வெயில் பட்டால் கறுக்கும், நிழலுக்கு வந்தால் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். கண்ணாடிக்குள்ளேயே வெள்ளி உப்பு கலந்திருக்கிறது, ஒளி பட்டதும் அது பார்க்கிற வேலைதான் இது என்று கடைக்காரர் விளக்கியிருக்கிறார். குளிரில் நன்றாகக் கறுக்கும், கடும் சூட்டில் அவ்வளவாகக் கறுக்காது என்றும் சொன்னாராம்.

"நம்மூர்ல குளிர் எங்கங்க இருக்கு?" என்று சிரித்துவிட்டு வந்தார் இவர்.

தை மாதத்தில் குளிர் இருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சண்முகப்பிரியாவைப் பெண் பார்க்க வந்த காலை அது. பையன் விஜயராஜின் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று கொளஞ்சிநாதன் வாசலிலேயே காத்து நின்றார், துணைக்கு நானும் நின்றேன். பனி விலகி, வெயில் நேராக முகத்தில் அடித்தது. வேன் வந்ததும் கைகூப்பி எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனார். கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்தது.

அந்த மாதம் பிளாக் முழுக்க மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடி போட்டவரைக் கண்டால் ஜனம் எதிர்ப்பக்கம் போய்விடும், கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பையனின் அம்மா ஜானகியம்மாள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தே பேசினார். கூட வந்தவர்களும் காலண்டரையே பார்த்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை.

"கண்ணு வலிய வச்சிகினு எதுக்குங்க சிரமம்? இன்னொரு நாளு வரோம்" என்று ஜானகியம்மாள் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. "கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று கண்ணாடியைக் கழற்றி டீப்பாயில் வைத்தார். பதற்றத்தில் வெற்றிலைத் தட்டை எடுத்து, "மாப்ளை, எடுத்துக்குங்க" என்று நீட்டினார். கண்ணாடி இல்லாமல் நீட்டியதால் தட்டு வேன் டிரைவரிடம் போனது. அவரும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். கதவோரம் சண்முகப்பிரியா அழுகிற நிலையில் நின்றாள்.

"அம்மா, அந்தக் கண்ணாடியப் பாரு" என்றான் விஜயராஜ்.

டீப்பாயில் கிடந்த கண்ணாடி வெளுத்துக்கொண்டிருந்தது. கீழே விரித்திருந்த துணியின் பூக்கள் அதன் வழியே தெரிய ஆரம்பித்தன.

ஜானகியம்மாள் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கொளஞ்சிநாதனின் கண்ணைப் பார்த்தார். சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. "இது இன்னாங்க கூத்து? வெளிய எடுத்துகினு வாங்க, பாப்போம்" என்றார்.

மொத்தக் கூட்டமும் வாசலுக்கு வந்தது. கண்ணாடி கறுத்தது. உள்ளே கொண்டுபோனோம், வெளுத்தது. மறுபடியும் வெளியே. கேசரி வாசலிலேயே காலியானது. இந்த வேடிக்கையில் பெண்ணும் பையனும் உள்ளே பேசிக்கொண்டு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம். கொளஞ்சிநாதன் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். மகளை வண்டியில் ஏற்றும்போது எல்லோரும் புங்கமர நிழலில் நிற்க, அவர் மட்டும் நடந்துபோய் வெயிலில் நின்றார். கண்ணாடி கறுக்கட்டும் என்றுதான் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் வைகாசிச் சூட்டில் அது டீத்தண்ணி நிறத்துக்கு மேல் கறுக்கவில்லை. கண்ணீர் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜானகியம்மாள்தான் அவரிடம் போனார். "நிழலுக்கு வாங்க சம்மந்தி. அழுவறதுக்கு யாராச்சும் வெயில்ல போய் நிப்பாங்களா?" என்றார். காலண்டரைப் பார்த்துப் பேசிய அதே அம்மாள், இப்போது அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய முந்தானையும் கண்ணுக்குப் போய்விட்டது.