மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்கவில்லை

இன்று பூந்தமல்லி மண்டபம் ஒன்றில் நிக்காஹ். நேரலை என் பொறுப்பு. மணப்பெண்ணின் அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் மஸ்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டதும் அண்ணனிடமிருந்து எனக்கு போன் வந்தது.

“பாய், ஹஜ்ரத் பேசுறது கேக்குது. மாப்ள வாய் மட்டும் அசையுது. இன்னா சொன்னாரு?”

இருவருக்கும் ஒரே மைக். ஒருவர் குரல் மட்டும் எப்படிப் போகும்? ஒயரை மாற்றினேன். நேரலையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். ஒன்றும் புரியவில்லை.

கடைசியில், ஃபேன் இரைச்சலைத் தடுக்க நேரலை மென்பொருளில் நான் சேர்த்திருந்த பிளகினை அணைத்ததும் எல்லாம் கேட்டது. மாப்பிள்ளைக்கு மெல்லிய குரல். அதையும் இரைச்சல் என்று வெட்டியிருக்கிறது.

அதற்குள் கடைசிப் பிரார்த்தனையான துஆவும் முடிந்துவிட்டது.

தயங்கித் தயங்கி மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே எழுந்து வந்து மைக் அருகே குனிந்தார்.

“மச்சான், நான் கபூல்னு சொல்லிட்டேன். உங்க தங்கச்சிய நல்லா பாத்துக்குவேன்.”

“கேட்டுச்சா பாய்?” என்று போனில் கேட்டேன். மறுபடியும் சத்தம் போய்விட்டதோ என்று பயந்தேன். அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

நேற்று வீட்டில் பேசிப் பார்த்தபோது என் குரலை அந்த பிளகின் வெட்டவே இல்லை. நான் அவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன்? என் மனைவியைத் தவிர யாராவது சொல்லுங்கள்.