ஒன்றுகூட வெடிக்கக் கூடாது

அவரைக் காத்தக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முன்பு செருப்புக் கடையில் வேலை. தங்கை மகளின் பிறந்தநாளன்று பம்ப் மக்கர் பண்ணிவிட, ஒரு கூடம் நிறைய பலூன்களை வாயாலேயே ஊதித் தள்ளினார். பேர் பரவிவிட்டது. இப்போது கல்யாண வரவேற்புகளுக்கு அவர்தான் அலங்காரம். வேன் ஓட்டுவது கணவர். "வெறுங்காத்தை ஏத்திக்கிட்டு டீசல் போட்டு ஓட்டுற ஒரே ஆளு நான்தான்" என்பார்.

ஒரு நாள் மணப்பெண்ணின் அம்மா வந்தார்.

"வீட்டுக்காரருக்கு நெஞ்சு வீக்கு. திடுக்குனு சத்தம் கேட்டா ஆளு போயிடுவாரு. ஆனா பொண்ணு பலூன்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. வைங்க. ஆனா ஒண்ணுகூட வெடிக்கக் கூடாது."

"பலூன்னா வெடிக்கும்மா."

"நீங்கதான் பக்குவமா சொல்லி வைக்கணும்."

யாரிடம் சொல்வது என்று காத்தக்காவுக்கு விளங்கவில்லை. வரவேற்பு அன்று பாதிக் காற்று மட்டும் அடித்தார். மேடை வளைவு முழுக்க வாடிய கத்தரிக்காய் தொங்கியது போலிருந்தது. பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, "என்னங்க, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார். திரும்ப முழுக்க அடித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு பாதுகாப்புதான். சூடு படக்கூடாது என்று மேடை விளக்குகளை அணைத்தார்கள். வாசலில் காத்தக்காவின் கணவர் ஒரு வாளியோடு நின்று, வருகிறவர்களிடம் ஊக்கு, கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாங்கிப் போட்டார். பெண்கள் ஒரு கையால் தோளில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மணமக்களுக்குக் கை கொடுத்தார்கள். கத்தி கூடாது என்று கேக்கைக் கரண்டியால் தோண்டினார்கள். இரண்டு நாள் தாடியோடு வந்திருந்த மாப்பிள்ளையின் நண்பனை, குத்திவிடும் என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். கைதட்டவும் தடை. அரையிருட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேச, பெண்ணின் அப்பா மட்டும் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

குடும்பமாகப் போட்டோ எடுக்க அவரை மேடையில் உட்கார வைத்தார்கள்; அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டார். சரியாக அவர் தலைக்கு மேலே ஒரு பலூன் வெடித்தது.

பெண்ணின் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் தண்ணீருக்கு ஓடினார். நம்மால் ஓர் உயிர் போயிற்று என்றே காத்தக்கா நினைத்தார்.

பெண்ணின் அப்பா கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன, சாப்பாடு போட்டாச்சா?"

மனைவி ஏதோ சொன்னார்; அவருக்கு வாய் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காது மிஷினை எடுத்தார். "இரு. காலையில நீ கத்த ஆரம்பிச்சப்பவே கழட்டிட்டேன்." அதை மாட்டவும் இன்னொரு பலூன் வெடிக்கவும் சரியாக இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தி வளைவைப் பார்த்தார்.

"இது நல்லாருக்கே. ஒரு ஊக்கு கிடைக்குமா?"

வாளி வந்தது. அவர் ஒன்றைக் குத்தினார், அப்புறம் ஒன்று. மாப்பிள்ளையின் அப்பா தனக்கும் ஓர் ஊக்கு கேட்டார். மணமக்களுக்காக நின்ற வரிசை மெல்ல வாளிப் பக்கம் திரும்பியது. தாடிக்காரன் ஊக்கே கேட்கவில்லை, கன்னத்தை வைத்துத் தேய்த்தான்.

"படபடன்னு வருது. எனக்கு ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்று பெண்ணின் அம்மா சாய்ந்துகொண்டார்.

காத்தக்கா மேடைக்குப் பின்னால் நின்று ஊத ஊத, முன்னால் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். பாடுபட்டுக் கட்டியது பாழாகிறதே என்று முதலில் வயிறெரிந்தது. பிறகு அவரே ஒன்றை ஊதி, யாரும் பார்க்காதபோது குத்திப் பார்த்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. பெண்ணின் அப்பா. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"வீட்டுக்குக் கொஞ்சம் பலூன் வேணும்மா. விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. அவ கடைக்குப் போற நேரமாப் பாத்துக் கொண்டு வாங்க."