பிளம்பர் போட்ட ஒயின்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஜாடியின் வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் பிளம்பர். சுவருக்குள் எங்கே நீர் கசிகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுகிறவர். உள்ளே திராட்சைச் சாறு பொங்குகிற ஓசை அவருக்குக் கேட்காமல் போகுமா? "பேசுது, பேசுது! இங்க வந்து கேளேன்" என்று மனைவியைக் கூப்பிடுவார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க. எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு" என்று தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

ஆள் குட்டை, தோள் அகலம். எந்த வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன் அங்கிருக்கிற குழாயைத் திருகிப் பார்த்துவிடுவார். ஒரு விருந்தில் கை கழுவப் போன மனுஷன் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்ததை உறவினர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "சொட்டுற சத்தம் கேட்டா எனக்குச் சாப்பாடு இறங்காதுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒயின் ஆசை வந்ததற்கு மனைவிதான் காரணம். ஒருநாள் அவர் கழற்றிப் போட்ட சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "கல்யாணமான நாளிலேருந்து சாக்கடை நாத்தத்தைத் தவிர வீட்டுக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மனுஷனுக்குச் சுருக்கென்றது. வருகிற கல்யாண நாளுக்குத் தன் கையாலேயே ஒயின் போட்டு மனைவிக்குக் கொடுப்பது என்று முடிவு கட்டினார்.

கறுப்புத் திராட்சையைப் பிசைந்து பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டினார், சர்க்கரை போட்டார், மனைவியின் அண்ணன் நடத்துகிற பேக்கரியில் ஈஸ்ட் வாங்கித் தூவினார். எல்லாம் சரி. கடைசியில் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது! மூடியின் மரையில், கசியாமலிருக்கக் குழாய்களுக்குப் போடுகிற வெள்ளை டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, ஸ்பேனர் போட்டு இறுக்கினார். "இனி எறும்பு மூச்சு விட்டாகூட வெளிய வராது" என்று பெருமை வேறு.

மறுநாள் மத்தியானம் மூடி பறந்துபோய்க் கூரையில் மோதியது. மனைவி புதிதாகத் தைத்து மாட்டியிருந்த வெள்ளைத் திரைச்சீலை ஊதா நிறமாயிற்று. ஓடி வந்து பார்த்த மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாவு பொங்குறதே உள்ள காத்து உண்டாகுறதாலதான் மாப்ளே! அது வெளிய போக வழி வேணாமா?" மனைவி சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே தடவை. அதுவும் சொதப்பினா ஜாடி இந்த வீட்டுப் படியேறக் கூடாது."

இரண்டாவது ஜாடியின் மூடியில் துளை போட்டு, மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையை டம்ளர் தண்ணீருக்குள் விட்டார். பொளக், பொளக் என்று குமிழி வந்துகொண்டே இருந்தது. வாழ்நாளெல்லாம் கசிவை அடைத்தே பிழைத்தவர் இப்போது கசிவுக்குக் காவல்! அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை மூடியை நோக்கி நீளும். "தொட்டீங்கன்னா பாருங்க" என்று மிஷின் சத்தத்தையும் மீறி ஒரு குரல் எழும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நகர்ந்துவிடுவார்.

வாரங்கள் ஓடி, கல்யாண நாளும் வந்தது. வடிகட்டித் தெளியவைத்த ஒயின் பாட்டிலில் நல்ல சிவப்பாக நின்றது. மச்சான் ஒரே மடக்கில் குடித்தார். புருவம் ஏறியது. பிளம்பர் அவரைக் கவனித்தால்தானே! கண் முழுக்க மனைவி மேல். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனைவி ஒரு வாய் குடித்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"கொஞ்சம் புளிக்குது" என்றார்.

பிளம்பரின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து மச்சான் கிளாஸை மறுபடியும் நீட்டினார். மனைவி பாட்டிலை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உனக்குப் போதும்ண்ணே. டீ போட்டுத் தரேன்."

வெளியே கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்ல உறவினர்கள் பேசிக்கொண்டே படியேறி வருகிற சத்தம் கேட்டது. பிளம்பர் ஓசைப்படாமல் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.