எருமை டீமைத் திருப்பி அனுப்பியவன்

வடக்குப்பட்டு டீக்கடையில் சுடலைக்கண்ணுவைக் காட்டி, அமெரிக்கா டீமைத் திருப்பி அனுப்பினவன் இவன்தான் என்று யாராவது சொல்லாத வாரம் கிடையாது. சொல்கிறவனுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது. அவனுக்கு லைன் லீடராக இருந்து தொண்டைத் தண்ணீர் வற்றியவன் நான். வாலாஜாபாத் வரதராஜன் என்றால் எங்கள் கார் சீட் ஃபிரேம் கம்பெனியில் கேட் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 2008-இல் ஒரகடம் வந்தவன் சுடலைக்கண்ணு. கபடி ஆடி இறுகிய உடம்பு. வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் சனியன். பாதுகாப்பு வகுப்பில், கிரேனுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தால், "நாங்க சும்மா நிக்கையில கிரேன் எங்க மேல வந்து நின்னா யாரு சார் நகரணும்?" என்று எழுந்து கேட்பான். கேட்டது நியாயம்தான். ஆனால் கேட்கிறவன் கான்ட்ராக்ட் ஆள். பர்மனன்ட் ஆகும் நேரம் நெருங்கும்போதெல்லாம் இவன் வாய் முன்னால் போய் நிற்கும், பின்னாலேயே இவன் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்கள். இரண்டு கம்பெனி அப்படிப் பார்த்துவிட்டு மூன்றாவதாக எங்களிடம் வந்திருந்தான்.

இதற்கு நடுவில் அவனுக்குக் கல்யாணம் வேறு ஆகிவிட்டது. பெண் பெயர் உலகம்மாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தது பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கிடைத்த லீவில்தான். அவள் ஊரில் அம்மா வீட்டில் இருந்தாள். இவன் இங்கே ஒரே அறையில் ஆறு பேரோடு பாய் விரித்துப் படுத்தான். குடும்பத்துக்கு வீடு பார்க்கப் போனால், வடக்குப்பட்டில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும் பங்கஜம் அம்மா கழுத்தில் தொங்கும் கார்டின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"கான்ட்ராக்ட் ஆளுக்கு வூடு கெடயாதுப்பா. இன்னிக்கி இங்க இருப்ப, நாளிக்கி எந்தக் கம்பெனியோ, எந்த ஊரோ. பர்மனன்ட் ஆயிட்டு சம்சாரத்தோட வா, நானே பால் காச்சித் தரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து பர்மனன்ட் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மூச்சு விட்டான். தினம் போனில் உலகம்மாளிடமும் அதையே சொன்னான். ஆயிரும், ஆயிரும், ஆனதும் கூட்டிட்டு வாரேன். கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

2012-இல்தான் அந்தக் கூத்து வந்தது. எங்கள் கம்பெனியின் அமெரிக்க முதலாளிக்கு அங்கே சொந்தமாக ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. சின்னச் சம்பளத்துக்கு ஆடுகிற டீம். ஊர் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. சட்டையில் காட்டெருமைப் படம் போட்டிருந்ததால் எங்கள் பையன்கள் எருமை டீம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் இருந்த பழைய தொழிற்சாலையை மூடி, மெஷின்களை எல்லாம் பெட்டி கட்டி முன்பே ஒரகடத்துக்கு ஏற்றிவிட்டார் முதலாளி. ஊர்க்காரர்களுக்கு வேலை போனபின் ஆட்டம் பார்க்கவும் கூட்டம் வரவில்லை. சரி, டீமையும் ஒரகடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமையானால் லட்சம் பையன்கள் சும்மா இருக்கிறார்கள் என்று அவர் காதில் போட்டது எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் இராமச்சந்திரன். ஞாயிற்றுக்கிழமை அந்த லட்சம் பேரும் துணி துவைத்துவிட்டுத் தூங்குவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

முதலாளி டீமோடு வந்து இடத்தைப் பார்ப்பார், நம் பையன்களோடு ஓர் ஆட்டம் நடக்கும், பிடித்துவிட்டால் டீம் இங்கேயே தங்கிவிடும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அப்படித் தங்கினால், ஆடிய பையன்கள் அத்தனை பேரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனன்ட். அதைப் படித்த அன்றைக்கு சுடலைக்கண்ணு லைனில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

ஃபுட்பால் என்றுதான் பெயர். காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓட வேண்டும், எதிராளிகள் மேலே விழுந்து அவனை அமுக்க வேண்டும். கபடிதான், மூச்சு விடலாம் என்பது ஒன்றே வித்தியாசம். பந்து நம் கையில் இருக்கும்போது ஆட ஒரு பதினோரு பேர், எதிராளி கைக்குப் போனால் தடுக்க வேறு பதினோரு பேர். எங்கள் ஆட்களுக்குப் புரியும்படி ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று பிரித்தோம். முன்கூட்டியே வந்த அமெரிக்க கோச் ஒரு மாதம் பழக்கினார். டீம் மேனேஜர் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு செட் பழகும்போது இன்னொரு செட் லைனில் நிற்க வேண்டும், உற்பத்தி நிற்கக் கூடாதே. ஆகவே இரண்டு செட்டும் ஒருநாளும் ஒன்றாகப் பழகவில்லை. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் எருமை டீமைக் கம்பெனிக்குள் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொருத்தனும் ஒரு பீரோ சைஸ். அதில் நரைத்த தாடிக்காரன் ஒருவன் சுடலைக்கண்ணுவின் வெல்டிங் மெஷின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தட்டினான். அது சிக்கினால் நாங்களும் அதே இடத்தில்தான் தட்டுவோம். மெஷின் அவன் ஊரில் இருந்தபோது அவன்தான் அதை ஓட்டியவனாம். அங்கே ஆட்டம் வாரக்கடைசியில் மட்டும், மற்ற நாளில் வயிற்றுப்பாட்டுக்கு இந்த மெஷின் வேலைதான் இருந்ததாம். மற்றவர்கள் எல்லாம் அடுத்த ஷெட்டுக்குப் போனபிறகும் அவன் அந்த மெஷினைத் தடவிக்கொண்டு நின்றான். சுடலைக்கண்ணு ஒன்றும் கேட்காமல் தள்ளி நின்று இடம் விட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியை ஒட்டிய காலி மனையில் ஆட்டம். பையன்கள் ஹெல்மெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து எதிராளி கைக்குப் போனது. ஏ ஷிப்ட் வெளியே வர வேண்டும், பி ஷிப்ட் உள்ளே போக வேண்டும். பி ஷிப்ட் போனது. ஏ ஷிப்ட் வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் லைனில் ஒரு சட்டம் உண்டு. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வரும் ஆள், பக்கத்தில் வந்து நின்று, மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும்வரை பழைய ஆள் இடத்தை விட்டு அசையக் கூடாது. திட்டித் திட்டி அதை அவர்கள் ரத்தத்தில் ஏற்றியவன் சாட்சாத் நானேதான். ஒவ்வொருத்தனும் தன் ரிலீவரைத் தேடிப் பிடித்து, "அந்தக் குண்டன் எடப்பக்கம் சாயுதான், முட்டியில வலி இருக்கு, அங்கன தள்ளு" என்று நிதானமாக ஒப்படைத்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேர். நடுவர் விசில் ஊதி மஞ்சள் துணியை வீசினார். ஆள் அதிகம் என்று அபராதம். ஒவ்வொரு தடவை மாறும்போதும் இதே கதைதான். அடிபட்டுத் தோற்றால் கௌரவம், நாங்கள் நின்றே தோற்றோம். வேடிக்கை பார்க்க வந்த ஜனம் ஒவ்வொரு துணிக்கும் விசில் அடித்துக் கொண்டாடியது. பங்கஜம் அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு இறங்கி வந்தார். ஏன் வெளியே போகமாட்டேன் என்கிறார்கள் என்று மைக்கில் கேட்டார். சுடலைக்கண்ணுதான் கிட்ட நின்றான். மைக்கை வாங்கி, "நோ ரிலீவர், நோ கோயிங் சார்" என்றான். இராமச்சந்திரன் விளக்கிச் சொன்னதும் முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள்தான் எனக்கு வேண்டும், இனி இதுதான் என் டீமின் ஊர் என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். இராமச்சந்திரன் தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்திருந்தால் முடிந்தது வேலை. கொடுடா கொடுடா என்று நானும் கையைக் காலை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தத் தாடிக்காரனைப் பார்த்தான். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பினான்.

"சார், யுவர் ஊர் பீப்புள், யூ டோல்ட்? யூ ஆஸ்க்? தே சே ஓகே?"

முதலாளி சிரிப்பு அப்படியே நின்றது. தாடிக்காரன் எழுந்தான். "நோ, அவர் யாரையும் கேட்கவில்லை" என்று இங்கிலீஷில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். மற்ற எருமைகளும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. இராமச்சந்திரன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, அனைவருக்கும் எலுமிச்சை சாதம் பொட்டலம் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

டீம் அதன் ஊரிலேயே இருக்கும் என்று அடுத்த மாதம் தகவல் வந்தது. கோட்டாவும் போச்சு. அறைக்காரப் பையன்கள் இவனோடு சாப்பிட உட்காரவில்லை. நானும் சும்மா விடவில்லை. "வாயை வச்சிக்கினு கம்முனு கெடந்திருந்தா இன்னாடா கொறஞ்சி பூட்டிருக்கும்? நீ ஒருத்தன் கெட்டா பரவால்ல, அத்தினி பேர் சோத்துல மண்ணு" என்று கத்தினேன்.

"அந்தாளு மிஷினைத் தடவுனதைப் பாத்தியள்லா அண்ணாச்சி" என்றான். "பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கச் சொல்லுதிய?"

பார்த்தவன்தானே நானும். போய் வேலையைப் பாருடா என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நாளில் அவன் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்டில் சேர்ந்தான். உலகம்மாளிடம் மூச்சுவிடவில்லை, போனில் அதே ஆயிரும் ஆயிரும்தான். ஆனால் சங்கரன்கோவில் பையன்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தால் ஊருக்குச் செய்தி போகாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் டிரங்குப் பெட்டியோடு அவளே ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கிவிட்டாள். அவன் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பங்கஜம் அம்மா வீட்டு வாசலுக்குப் போனான். அவர் கேட்டுக்கு உள்ளே நின்றபடி வழக்கம்போல, பர்மனன்ட் ஆயிட்டியாப்பா என்று கேட்டார். ஆயிரும்க்கா, ஆனதும் கூட்டிக்கலாம்னுதான் இருந்தேன், இவதான் அவசரப்பட்டு வந்துட்டா என்று இவன் ஆரம்பித்தான்.

உலகம்மாள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அமெரிக்காக்காரன்ட்ட, ஒங்க ஊர்ல கேட்டியளான்னு மைக்குல கேட்டியளாமே. பர்மனன்ட் ஆவுற வரைக்கும் நான் அம்மை வீட்டுல கெடக்கணும்னு நீங்களா முடிவு பண்ணினியள்லா? அன்னைக்கு என்னைய ஒரு வார்த்த கேட்டியளா?"

சுடலைக்கண்ணு வாயைத் திறந்தான், மூடினான். எந்த மேனேஜருக்கும் அடங்காத வாய் அது. காப்பாற்றுங்கள் என்பது போல என்னைப் பார்த்தான். நான் வேலியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்கஜம் அம்மா கேட்டைத் திறந்தார்.

"நீ உள்ள வாம்மா. அந்தாளை இன்னா பண்றதுன்னு அப்பால பேசிக்கலாம்" என்றார்.